கூப்பிடத் தேவையில்லாத விளையாட்டுகள்

இரண்டு வயதுக் குழந்தைகளின் பிறந்தநாளை எப்படி நடத்துவது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு ப்ளேஸ்கூலில் ஒன்பது வருடமாக டீச்சராக இருக்கிறேன். மொத்தக் கொண்டாட்டமும் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மதியத் தூக்கம் முடிந்து, பால் குடித்து, அடுத்த அழுகை தொடங்குவதற்குள் கேக் வெட்டி அனுப்பிவிட வேண்டும். ஒரு விளையாட்டுக்குப் பத்து நிமிஷம். அதற்கு மேல் இழுத்தால் யாராவது யாரையாவது கடிப்பார்கள். ஜெயிப்பது, தோற்பது, அவுட் ஆவது என்ற பேச்சே கூடாது. ஓர் அப்பா ஆசை ஆசையாக மியூசிக்கல் சேர் வைத்தார். இடம் கிடைக்காத குழந்தை நாற்காலியையே கடித்து உதட்டைக் கிழித்துக்கொண்டது. கேக் வெட்டுவதற்கு முன் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இவ்வளவு தெரிந்த நான், என் சொந்த மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்குத் திட்டம் போட மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். எழுதுவேன், அடிப்பேன், மறுபடி எழுதுவேன். காரணம் என் நாத்தனார்.

அவர் என் கணவரின் அக்கா. திருப்பத்தூரில் இருக்கிறார். தீபாவளிக்கு எங்கள் சந்தாபுரா வீட்டுக்கு வந்தவர் நான்கு நாளும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்புகிற அன்றைக்குக் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"என்னம்மா இது, ஒரு அம்மான்னு வரல, அப்பான்னு வரல. பொம்பளப் புள்ளைங்க சீக்கிரம் பேசிடும்பாங்க. நீ பெத்தது வாயைத் தொறக்க மாட்டேங்குதே?"

"பேசுவா அண்ணி. சில குழந்தைங்க லேட்டாப் பேசும்."

"எங்கேர்ந்து பேசும்? நீ தமிழ்ல பேசுற. கீழ ஓனரம்மா கன்னடத்துல கொஞ்சுது. பாத்துக்கற ஆயாம்மா உருது. சாயங்காலமானா நீ இங்கிலீஷ் ரைம்ஸ் பாடுற. நாலு பாஷையை ஒண்ணாப் போட்டுக் கலக்குனா புள்ள எதைத்தான் பேசும்? குழம்பிப் போய் உக்காந்திருக்கு."

இந்த ஊரில் பேசாத குழந்தை உள்ள எந்த வீட்டிலும் இந்த விளக்கம் உண்டு. ஏன், நானே என் வகுப்புத் தாய்மார்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். 'பெங்களூர்க் குழந்தை மேடம், பாஷை அதிகம், கொஞ்சம் லேட்டாகும், கவலைப்படாதீங்க.' சொல்லும்போது எவ்வளவு தெம்பாக இருக்கும்! என்னிடமே அதைத் திருப்பிச் சொன்னபோதும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அடுத்து அவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"பொறந்தநாளுக்கு வரேன். அப்பவும் இப்படியே இருந்தா ஆறு மாசம் என்கிட்ட விடு. எங்க ஊர்ல தமிழைத் தவிர ஒண்ணு கிடையாது. கடகடன்னு பேச வச்சு அனுப்புறேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். 'அதெல்லாம் வேண்டாம் அக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆறு மாசம்தானே, யோசிக்கலாம்" என்றார். நாத்தனார் பஸ் ஏறியதும் நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஓனரம்மா மாடிப்படியில் வந்து நின்று, "ஏனாய்த்தம்மா?" என்று விசாரித்தார். ஒன்றும் ஆகவில்லை என்று அனுப்பினேன். பெற்ற குழந்தையை ஆறு மாதம் விட்டுவிட்டு நான் இங்கே ஊரார் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருப்பேனா?

ஆகவே பிறந்தநாள் எனக்குப் பரீட்சையாகிவிட்டது. மகள் பேசமாட்டாள் என்று தெரியும். பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவள் கெட்டிக்காரி என்று நாத்தனாரின் கண்ணில் பட்டுவிட்டால் போதும், சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு தனியாக ஊர் போய்ச் சேருவார் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் எழுதியது பாட்டுப் போட்டு ஆடுவது, பாட்டு நின்றால் சிலைபோல நிற்பது. சின்னக் குழந்தைகளுக்கு அதைப்போலக் குஷியான விளையாட்டு இல்லை. எழுதிய கையோடு அடித்தேன். மாடு எப்படிக் கத்தும், பூனை எப்படிக் கத்தும் என்பதை அடித்தேன். திரைக்குப் பின்னால் ஒளிந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் விளையாட்டையும் அடித்தேன். மிஞ்சியவை நான்கு. கதவு நிலையில் குறுக்கும் நெடுக்குமாக அகல டேப்பை ஒட்டி, ஒட்டும் பக்கத்தில் பஞ்சு உருண்டைகளை எறிந்து ஒட்ட வைப்பது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில் சுரங்கம். சோப்பு நுரைக் குமிழி. கடைசியில், வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துப் பெரிய தாளில் பூப்பூவாக அச்சு வைப்பது. நான்கும் என் மகளுக்கு அத்துப்படி. ஒரு தடவை செய்து காட்டினால் பிடித்துக்கொள்வாள்.

அவள் கெட்டிக்காரி என்பது பொய் இல்லை. டீச்சர் வேலை பார்த்துப் பார்த்து எனக்குக் கை ஓயாது. 'வா' என்றால் கை வரும், 'சாப்பிடு' என்றால் கை வாய்க்குப் போகும், 'தூங்கலாம்' என்றால் கன்னத்தில் கை வைப்பேன். வகுப்பில் கூச்சல் அதிகமானால் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவோம், குழந்தைகள் சட்டென்று திரும்பிவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஹாலில் ட்யூப்லைட்டை அணைத்துப் போட்டால் மகள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் கையை நீட்டினால் ஓடி வருவாள். தடுப்பூசி போடப் போனபோது டாக்டர், "கூப்பிட்டா திரும்புதா?" என்று கேட்டார். "ஓ, திரும்புவாளே" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

தலைமாட்டில் குக்கர் விசில் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். தங்கமான குழந்தை என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறந்தநாளுக்கு முந்தைய நாள் நாத்தனார் வந்தார். ஒரு கையில் அவர் பை. இன்னொரு கையில் காலி சூட்கேஸ். "புள்ளத் துணிமணி வைக்கத்தான்" என்றார். அவர் பையிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்தன. கடைசியாக ஒரு ரப்பர் பலூன், ஊதினால் பானை அளவு வரும். கூடவே ஒரு பை நிறைய டாஃபி, ஒரு பொட்டலம் ஜிகினாத்தூள். எல்லாப் பிறந்தநாள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், பலூனுக்குள் மிட்டாயையும் ஜிகினாவையும் அடைத்து, நடுக்கூடத்தில் தொங்கவிட்டு, கேக் வெட்டியதும் ஊசியால் குத்தி உடைப்பார்கள். கீழே நிற்கிற குழந்தைகள் தலையில் எல்லாம் கொட்டும்.

"இது வேண்டாம் அண்ணி" என்றேன்.

"ஏன்?"

"எல்லாம் ரெண்டு வயசுக் குழந்தைங்க. சத்தத்துக்குப் பயந்து அலறும். டாஃபி தொண்டையில மாட்டும்."

"மாட்டாம பெத்தவங்க பாத்துக்குவாங்க. பலூன் உடைக்காம அது என்ன பொறந்தநாளு? பஞ்சை எறியறதும் வெண்டைக்காயை நசுக்கறதும் ஒரு விளையாட்டா? என்னம்மோ போ, டீச்சருக்கு நான் சொல்லக் கூடாது."

"நான் டீச்சர்ங்கறதாலதான் சொல்றேன். வேண்டாம்னா வேண்டாம்!"

என் குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று எனக்கே புரியவில்லை. ஒரு பலூனுக்காக யாராவது அப்படிக் கத்துவார்களா? நாத்தனாரின் முகம் சுண்டிவிட்டது. என் கணவர் என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "ஆசையா வாங்கிட்டு வந்திருக்காங்க, விடேன்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். அவரே ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனுக்குப் பக்கத்துக் கொக்கியில் பலூனைக் கட்டினார்.

மறுநாள் நாலரை மணிக்கு எட்டுக் குழந்தைகள் அம்மாக்களோடு வந்தார்கள். என் வகுப்புக் குழந்தைகள் ஐந்து, தெருக் குழந்தைகள் மூன்று. நான் எல்லா ஜன்னல் திரைகளையும் இழுத்து விட்டிருந்தேன். "பட்டப்பகல்ல ஏன் இருட்டாக்கி வச்சிருக்க?" என்று நாத்தனார் கேட்டார். விளக்கு அலங்காரம் எடுப்பாகத் தெரியும் என்றேன். நான் நின்ற இடம் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஓர் அடிகூட நகர்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பஞ்சு விளையாட்டில் என் மகள்தான் முதலில் எறிந்தாள். உருண்டை டேப்பில் ஒட்டியதும் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். மற்றக் குழந்தைகள் அவளைப் பார்த்துச் செய்தன. ஓர் அம்மா, "மிஸ், உங்க பொண்ணு லீடர் மாதிரி இருக்கா" என்றாள். நாத்தனார் காதில் விழுந்ததா என்று பார்த்தேன். விழுந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் மகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"கண்ணு! இங்க பாரு, அத்தையப் பாரு!"

என் மகள் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய் தங்கம்! ஃபோட்டோ!"

சட்டென்று ட்யூப்லைட்டை அணைத்துப் போட்டேன். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் விரலால் அத்தையைக் காட்டினேன். அவள் திரும்பி, அத்தையின் ஃபோனைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தாள். நாத்தனார் படம் எடுத்துக்கொண்டார். "கரண்ட் போய்ப் போய் வருதா?" என்றார். "ஆமாம் அண்ணி, இந்த ஏரியாவே இப்படித்தான்" என்றேன்.

சுரங்கம் முடிந்தது. குமிழி முடிந்தது. ஒவ்வொன்றும் முடியும்போது இன்னும் எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். கேக் வெட்டும்போது எல்லோரும் பாடினார்கள், என் மகள் எல்லோரும் கை தட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டினாள். அப்பாடா என்றிருந்தது. கேக் தின்ற கையோடு குழந்தைகளைத் தரையில் விரித்த தாளைச் சுற்றி உட்கார வைத்தேன். வெண்டைக்காய் அச்சு ஆரம்பமானது. என் மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு சிவப்புப் பூ, ஒரு மஞ்சள் பூ என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பலூன் அவள் தலைக்கு நேர் மேலே.

"எல்லாம் ஒண்ணா உக்காந்திருக்குதுங்க, இதான் நேரம்" என்று நாத்தனார் குடைக் கம்பியில் ஊசியைக் கட்டி எடுத்து வந்துவிட்டார். "அண்ணி, எல்லாரையும் கொஞ்சம் தள்ளி..." என்று நான் வாயெடுப்பதற்குள் குத்திவிட்டார்.

டமார் என்றது. எனக்கே நெஞ்சு ஒரு குதி குதித்தது. எட்டுக் குழந்தைகளும் உலுக்கிப் போட்டதுபோல் விதிர்விதிர்த்து, ஒரு நொடி மூச்சடைத்து, பிறகு வீடே இடிகிற மாதிரி அழுதன. அம்மாக்கள் பாய்ந்து வந்து தூக்கினார்கள்.

என் மகள் நீலப் பூ ஒன்றைத் தாளில் அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் தோள் அசையவில்லை, கை அசையவில்லை. பூவை அழுத்தி முடித்து வெண்டைக்காயை எடுத்தாள். அதன் பிறகுதான் ஜிகினாத்தூள் அவள் கைமேல் இறங்கியது. அதைப் பார்த்தாள். ஒரு டாஃபி தாளில் விழுந்து உருண்டது. அண்ணாந்து பார்த்து, வாய் நிறையச் சிரித்தாள்.

"ஐயோ, பாருங்கடி என் மருமகளை!" என்று நாத்தனார் அவளை வாரி எடுத்துக்கொண்டார். "எல்லாம் அலறுதுங்க, இவ அசையல பாரு! என்ன தைரியம், என்ன நெஞ்சழுத்தம்! எங்கப்பா இப்படித்தான், தலையில இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாரு!"

அழும் குழந்தைகளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள். "பிரேவ் கேர்ள்" என்றாள் ஓர் அம்மா. ஓனரம்மா திருஷ்டி கழித்தார். நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்தபடி என் பக்கம் வந்து என் தோளைத் தொட்டார்.

"இதுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. சாயங்காலம் பூரா பாத்தேன், என்னா சுறுசுறுப்பு! பேச்சு தானா வரும். நான்தான் வீணா பயந்துட்டேன். உன்கிட்டயே இருக்கட்டும்."

நான் ஜெயித்துவிட்டேன். மூன்று வாரமாக எதற்காகத் தூக்கம் கெட்டேனோ அது கைக்கு வந்துவிட்டது. பேப்பர் தட்டு எடுத்து வருகிறேன் என்று படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள், குழந்தை அழுது புரண்டதால் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த மாதம் வீடு மாறினோம். அந்தச் சீட்டு ஃபைலில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

இப்போது வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நாத்தனார் நாளைக்கு நிம்மதியாகப் போய்விடுவார். அப்புறம் சத்தமில்லாமல் நானே டாக்டரிடம் கூட்டிப் போகலாம். அடுத்த வாரம். அடுத்த வாரம் ஸ்கூலில் ஆண்டு விழா வரும். அதற்கடுத்த வாரம் வேறொன்று வரும். என்னை எனக்குத் தெரியாதா?

கதவைத் திறந்து ஹாலுக்கு வந்தேன். மகள் மறுபடி தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், எனக்கு முதுகு காட்டி. ஸ்விட்ச் போர்டைத் தாண்டி வந்து நின்றேன். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கத்தினேன். எட்டுக் குழந்தைகளும் திரும்பிப் பார்த்தன. அம்மாக்கள் திரும்பினார்கள். ஓனரம்மா வாயில் முறுக்கோடு திரும்பினார். என் மகள் மஞ்சள் சாயத்தில் வெண்டைக்காயைத் தோய்த்தாள்.

"ஏம்மா இப்படிக் கத்துற?" என்றார் நாத்தனார்.

"அண்ணி, அது தைரியம் இல்ல. அவளுக்குக் கேக்கல."

நாத்தனார் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். மெல்ல நடந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் குனிந்து, காதுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். இன்னொரு தரம் தட்டினார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "நான் அவளை அங்க கூட்டிட்டுப் போயி பேசு பேசுன்னு அடிச்சிருப்பேனே" என்று அழுதார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக, என் கண்ணைப் பார்க்காமல், கிளம்பினார்கள். ஒருத்தி மட்டும் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். நாத்தனார் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பால் ஆற்றிக் கொடுக்க உள்ளே போனார். நான் தரையில் ஜிகினாவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் கதவு நிலையிலிருந்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?" என்றார்.

இன்றைக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"ரொம்ப நாளாங்க. நெனக்கவே பயமா இருந்துச்சு. நெனக்காம இருந்தேன்."

திட்டுவார் என்று பார்த்தேன். அவர் உரித்த டேப்பை உருட்டி உருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார். "வேலை முடிஞ்சு வந்து வாசல்லேர்ந்து கூப்பிடுவேன் இல்ல? ஒரு நாளும் திரும்பினது கிடையாது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அக்கா கூட்டிட்டுப் போறேன்னப்ப, சரி, அவங்க ரெண்டே நாள்ல கண்டுபுடிச்சுருவாங்க, அவங்க வாயாலயே வரட்டும்னு விட்டுட்டேன்."

என் குழந்தையை அனுப்ப அவர் சம்மதித்தது அதற்காகத்தான். துடைப்பத்தாலேயே நாலு போடலாம் என்று ஆத்திரம் பொங்கியது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, ஃபைலில் இருந்த அந்தச் சீட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.